உலைக்குக் குறிவைத்தால் யார் கேட்பது?

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் காவல்கிணறு, பணகுடி, ராதாபுரம் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைகள்தான். அவற்றில் பல திருப்பூர், கோவை மில்காரர்களும் பனியன் கம்பெனிக்காரர்களும் போட்ட முதலீடு. அங்கே சுற்றும் காற்றாடி தரும் யூனிட், மின்வாரியக் கணக்கில் வரவாகி, இங்கே திருப்பூரில் நிட்டிங் மிஷினும் ஸ்டென்டரும் ஓடும் கணக்கில் கழிகிறது. அதே ராதாபுரம் வட்டத்தில்தான் கூடங்குளம் அணுமின் நிலையமும் இருக்கிறது. அதன் முதல் இரண்டு உலைகள் தரும் 2,000 மெகாவாட்டில் ஏறத்தாழப் பாதி தமிழ்நாட்டுக்கு. இன்னும் நான்கு உலைகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. எல்லாம் முடிந்தால் 6,000 மெகாவாட். இங்கே தைத்த சரக்கு கப்பலேறும் தூத்துக்குடித் துறைமுகம், கூடங்குளத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள். ஆகவே, அணு உலை மீது குண்டு விழுந்தால் உலகம் என்ன செய்யும் என்ற கேள்வி வியன்னாவிலும் நியூயார்க்கிலும் கோட்டு சூட்டு போட்டவர்கள் மட்டும் பேசித் தீர்க்க வேண்டியதல்ல. அவிநாசி ரோட்டிலும் பேச வேண்டியதுதான்.

2012 நினைவிருக்கும். நாளில் பாதி நேரம் கரன்ட் இல்லாமல் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி ஊற்றியே லாபம் போன வருடம். கூடங்குளம் சீக்கிரம் ஓடினால் சரி என்று தொழில் நகரங்கள் காத்திருந்தன. நிலையத்தை ஒட்டிய இடிந்தகரை மக்கள் வேறு கேள்வி கேட்டார்கள். சுனாமி வந்தால்? ஃபுகுஷிமா போல் ஆனால்? எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைப்பீர்கள்? 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் பதினைந்து நிபந்தனைகளோடு நிலையத்துக்கு வழிவிட்டது. போர் வந்தால் என்ன என்ற கேள்வி மட்டும் அந்த வாக்குவாதத்தில் பெரும்பாலும் ஓரமாகவே நின்றது. அணு உலையைக் குறிவைத்து யாரும் சண்டை போடமாட்டார்கள் என்ற நம்பிக்கை அப்போது பலருக்கும் இருந்தது.

அந்த நம்பிக்கை 2022 மார்ச் 4 அதிகாலையில் போனது. உக்ரைனின் சாப்போரிஷியா அணுமின் நிலையத்தை ரஷ்யப் படை சுட்டுப் பிடித்தது. ஆறு உலைகள், 5,700 மெகாவாட், ஐரோப்பாவிலேயே பெரியது. அந்த உலைகள் வி.வி.இ.ஆர்.-1000 என்ற ரஷ்ய வகை. கூடங்குளத்தில் ஓடுவதும் அதே குடும்பம்தான். ஈரானின் புஷேர் நிலையத்தில் இருப்பதும் அதுவே. ஒரே குடும்பத்தின் மூன்று நிலையங்களில் ஒன்று போர் முனையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றின் தலைக்கு மேல் 2025 ஜூனில் ஏவுகணைகள் பறந்தன. மூன்றாவது நம்முடையது.

குண்டு நேராக உலை மீது விழ வேண்டும் என்பதுகூட இல்லை. சாயப்பட்டறையில் கரன்ட் போனால் மிஷின் நின்றுவிடும். உள்ளே கிடக்கும் துணி கெடும், அந்த லாட் நஷ்டம், அவ்வளவுதான். அணு உலை அப்படி நிற்காது. 3,000 மெகாவாட் வெப்பத்தில் ஓடிய உலையை நிறுத்தினாலும், நிறுத்திய நொடியில் அதில் ஆறு விழுக்காட்டுக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட 200 மெகாவாட் வெப்பம், உள்ளே சுரந்துகொண்டே இருக்கும். அது மெதுவாகத்தான் தணியும். அதுவரை தண்ணீர் சுற்ற வேண்டும், தண்ணீர் சுற்ற பம்ப் ஓட வேண்டும், பம்ப் ஓட வெளியிலிருந்து மின்சாரம் வர வேண்டும். சாப்போரிஷியாவில் போர் தொடங்கியதிலிருந்து வெளி மின்சாரம் முழுவதுமாக அறுந்தது குறைந்தது பத்து முறை. பத்தாவது முறை, 2025 செப்டம்பர் 23-ல் போனது, திரும்பி வர ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுவதும் டீசல் ஜெனரேட்டர்கள்தான் அந்த நிலையத்தைத் தாங்கின. உலைகள் எல்லாம் முன்பே நிறுத்திக் குளிரவைக்கப்பட்டிருந்ததால் பிழைத்தது. கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாமல் காற்றைக்கொண்டு வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு கூடுதலாக உண்டு, சாப்போரிஷியாவில் அது இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஆனால் ஏவுகணையை மனதில் வைத்து அந்த ஏற்பாட்டைச் செய்தார்கள் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

சரி, இப்படி நடந்தால் உலகம் என்ன செய்திருக்கிறது?

1981 ஜூன் 7 அன்று, பாக்தாத் அருகே பிரான்ஸ் கட்டிக்கொடுத்த ஒசிராக் உலையை இஸ்ரேல் விமானங்கள் தரைமட்டமாக்கின. உலைக்குள் எரிபொருள் இன்னும் ஏற்றவில்லை, அதனால் கதிர்வீச்சு ஆபத்து இல்லை. பன்னிரண்டு நாளில் பாதுகாப்பு சபை 487-வது தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. இஸ்ரேலைக் கடுமையாகக் கண்டித்தது. ஈராக்குக்கு இழப்பீடு பெற உரிமை உண்டு என்றது. இஸ்ரேல் தன் அணு நிலையங்களைச் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்றது. அமெரிக்காவும் கை தூக்கியது. இந்த விஷயத்தில் உலகம் இதுவரை காட்டிய அதிகபட்சக் கோபம் அதுதான். பலன்? இழப்பீடு ஒரு பைசா வரவில்லை. கண்காணிப்பும் வரவில்லை. முகமை இஸ்ரேலுக்குத் தரும் தொழில்நுட்ப உதவியை நிறுத்தியது. அடுத்த ஆண்டு பொது மாநாட்டில் இஸ்ரேல் குழுவின் அங்கீகாரமே மறுக்கப்பட்டபோது அமெரிக்கா வெளிநடப்புச் செய்து சில மாதங்கள் முகமையில் பங்கேற்பதையே நிறுத்திவைத்தது. தண்டனை கொடுக்க நினைத்த முகமைதான் கடைசியில் பெரிய சந்தாதாரரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

ஒசிராக்கை முதலில் அடித்தது இஸ்ரேல் அல்ல என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1980 செப்டம்பர் 30 அன்று ஈரான் விமானங்கள் அதே இடத்தைத் தாக்கின. பிறகு ஈரான் கட்டிக்கொண்டிருந்த புஷேர் உலையை ஈராக் 1984 முதல் 1988 வரை பல முறை குண்டு வீசிச் சிதைத்தது. அதற்கு உலகம் பெரிதாகக் குரல் எழுப்பவில்லை. அன்று ஈராக் பலருக்கும் வேண்டிய நாடாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மோசமான கட்டமாகத் தெரிகிறது. 1990 செப்டம்பரில் வியன்னாவில் முகமையின் பொது மாநாடு கூடி, அமைதிப் பயன்பாட்டுக்கான அணு நிலையங்கள் மீதான ஆயுதத் தாக்குதல் ஐ.நா. சாசனத்துக்கும் சர்வதேசச் சட்டத்துக்கும் விரோதமானது என்று தீர்மானம் போட்டது. மை காயுமுன்பே, 1991 ஜனவரியில், வளைகுடாப் போரின் முதல் நாட்களில் அமெரிக்க விமானங்கள் பாக்தாத் அருகே துவைதாவில் முகமையின் கண்காணிப்பில் இருந்த ஆராய்ச்சி உலையை அடித்தன. பாதுகாப்பு சபையிலிருந்து கண்டனம் வரவில்லை. 2007 செப்டம்பரில் சிரியாவின் அல் கிபாரில் எழும்பிக்கொண்டிருந்த உலையை இஸ்ரேல் அழித்தபோது அரபுத் தலைநகரங்களே வாய் திறக்கவில்லை.

அதே 1991 ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. பாக்தாத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்த மாதத்தின் 27-ம் தேதி, இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரு ஒப்பந்தத்துக்கு உயிர் கொடுத்தன. 1988 டிசம்பர் 31 அன்று இஸ்லாமாபாத்தில் ராஜீவ் காந்தி, பேநசீர் பூட்டோ முன்னிலையில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் கையெழுத்திட்டது அது. ஒருவர் அணு நிலையத்தை இன்னொருவர் தாக்குவதில்லை, தாக்கத் தூண்டுவதும் இல்லை, நேரடியாகவும் இல்லை, மறைமுகமாகவும் இல்லை. அவ்வளவுதான் சாரம். ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை, அட்சரேகை தீர்க்கரேகையோடு, பரிமாறிக்கொள்ள வேண்டும். 1992-ல் முதல் பட்டியல் கைமாறியது. இன்றுவரை ஒரு வருடமும் தவறவில்லை. கார்கில் போர் நடந்தது, நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் லட்சக்கணக்கில் படை நின்றது, மும்பைத் தாக்குதல் நடந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது, பாலாகோட் விமானத் தாக்குதலும் ஆனது. பட்டியல் மட்டும் புத்தாண்டு அன்று போய்ச் சேர்ந்தது. 2025 மே மாதச் சண்டையிலும் கிரானா மலையில் பாகிஸ்தானின் அணு நிலையத்தை இந்தியா அடித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் பரவிய கதையை இந்திய விமானப்படையே மறுத்தது. பாகிஸ்தானின் எந்த அணு நிலையத்திலும் கசிவு இல்லை என்று முகமையும் சொன்னது.

இந்த ஒப்பந்தம் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். 1980-களின் முற்பாதியில் பாகிஸ்தானின் கஹூட்டா அணு நிலையத்தை இந்தியா தாக்கப் போகிறது என்ற பேச்சு பலமாக இருந்தது. ஒசிராக் அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றியது. 1985 டிசம்பரில் பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் டெல்லி வந்தபோது ராஜீவுடன் வாய்மொழியாக ஒத்துக்கொண்டதுதான் மூன்று ஆண்டு கழித்து எழுத்தானது. நல்லெண்ணத்தில் பிறந்ததல்ல. என் உலை உன் கைக்கெட்டும், உன் உலை என் கைக்கெட்டும் என்ற கணக்கில் பிறந்தது. அதனால்தான் நிற்கிறது என்பது என் எண்ணம்.

சர்வதேசச் சட்டத்தோடு ஒப்பிட்டால் அதன் பலம் தெரியும். 1977-ன் ஜெனீவா கூடுதல் நெறிமுறையின் 56-வது பிரிவு அணைக்கும் அணுமின் நிலையத்துக்கும் பாதுகாப்பு தருகிறது. ஆனால் அந்த நிலையம் ராணுவ நடவடிக்கைக்குத் தொடர்ந்து, கணிசமாக, நேரடியாக மின்சாரம் தந்தால், வேறு வழியில்லை என்றால், அந்தப் பாதுகாப்பு போய்விடும். இன்றைய மின்தொகுப்பில் எந்த யூனிட் ராணுவ முகாமுக்குப் போகிறது, எந்த யூனிட் பனியன் கம்பெனிக்கு வருகிறது என்று யார் பிரித்துக் காட்டுவது? குண்டு போட நினைப்பவருக்கு அந்த ஓட்டை போதும். அதோடு அந்த நெறிமுறையில் அமெரிக்காவும் இல்லை, இஸ்ரேலும் இல்லை, ஈரானும் இல்லை, பாகிஸ்தானும் இல்லை, நாமும் இல்லை. இந்திய–பாகிஸ்தான் ஒப்பந்தத்தில் அந்த மாதிரி விதிவிலக்கே கிடையாது. மின் உலை, ஆராய்ச்சி உலை, செறிவூட்டும் ஆலை, எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலை எல்லாம் அடங்கும். இரண்டு பரம விரோதிகள் எழுதிக்கொண்ட காகிதம் ஜெனீவாவில் உலகமே கூடி எழுதியதைவிடக் கறாராக இருக்கிறது.

இவ்வளவு நல்ல சரக்கைக் கையில் வைத்திருக்கும் நாடு வெளியே என்ன பேசுகிறது?

சாப்போரிஷியா பிடிபடுவதற்கு முந்தைய நாள், முகமையின் ஆளுநர் குழு ரஷ்யாவின் நடவடிக்கையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. 26 நாடுகள் ஆதரவு. ரஷ்யாவும் சீனாவும் எதிர்ப்பு. இந்தியா நடுநிலை. 2024 ஜூலையில் சாப்போரிஷியா உட்பட உக்ரைனின் அணு நிலையங்களின் பாதுகாப்பு பற்றி ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பு. 99 நாடுகள் ஆதரவு, 9 எதிர்ப்பு, நடுநிலை வகித்த 60-ல் இந்தியாவும் ஒன்று. கூடங்குளத்துக்கு எரிபொருள் வருவது ரஷ்யாவிலிருந்து. கொடுக்கிறவரைப் பகைத்துக்கொள்ள முடியாது என்ற கணக்கு எந்த வியாபாரிக்கும் புரியும். புரிவதால் அது சரியாகிவிடாது.

2025 ஜூன் 13 முதல் இஸ்ரேல் ஈரானின் நதான்ஸ், இஸ்பஹான் நிலையங்களை அடித்தது. 22-ம் தேதி அமெரிக்கா ஃபோர்டோ உட்பட மூன்றையும் பதுங்குகுழி துளைக்கும் குண்டுகளாலும் ஏவுகணைகளாலும் தாக்கியது. பாதுகாப்பு சபை அவசரமாகக் கூடிக் கூடிக் கலைந்தது. தீர்மானம் எதுவும் இல்லை. முகமையின் தலைவர் ரஃபேல் குரோஸி பழைய பொது மாநாட்டுத் தீர்மானங்களை நினைவூட்டினார். புஷேருக்கு மின்சாரம் தரும் இரண்டே இரண்டு கம்பித்தடங்கள் அறுந்தால்கூட உலை உருகலாம் என்று பாதுகாப்பு சபையில் எச்சரித்தார். அதற்கு முந்தைய நாள்தான் இஸ்ரேல் ராணுவப் பேச்சாளர் ஒருவர் புஷேரை அடித்துவிட்டதாகச் சொன்னார்; பிறகு அது தவறு என்று திருத்தப்பட்டது. அந்தச் சில மணி நேரத்தில் வளைகுடா நாடுகளுக்கு உயிர் போய் உயிர் வந்திருக்கும். குவைத்தும் கத்தாரும் பஹ்ரைனும் குடிப்பது அதே கடல் நீரைச் சுத்திகரித்துத்தான். அங்கே அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களில் நம் ராமநாதபுரத்துக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் எத்தனையோ பேர்.

இந்தியா ஆழ்ந்த கவலை தெரிவித்தது. ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு இஸ்ரேலைக் கண்டித்தபோது அந்த அறிக்கையில் தனக்குப் பங்கில்லை என்று விலகிக்கொண்டது. ஜூலை 6 அன்று ரியோவில் பிரிக்ஸ் அறிக்கை கண்டித்தபோது இந்தியாவும் அதில் இருந்தது. ஆனால் ஈரான் மீதான தாக்குதலைக் கண்டித்த பத்தியில் இஸ்ரேல், அமெரிக்கா என்ற பெயர்கள் இல்லை. செப்டம்பர் 1 அன்று தியான்ஜினில் இரண்டு பெயரையும் சொல்லிக் கண்டித்த ஷாங்காய் அமைப்பின் பிரகடனத்திலும் கையெழுத்திட்டது. ஜூனில் முடியாதது செப்டம்பரில் எப்படி முடிந்தது? இடையில் ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்கின் மீது அமெரிக்க வரி 50 விழுக்காடானது; அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ஆர்டர் நின்று ஷிஃப்ட் குறைந்த ஊர் அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கும்.

யார் அடித்தார், யார் அடிபட்டார் என்று பார்த்துக் குரலை ஏற்றி இறக்கும் பழக்கம் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. சாப்போரிஷியாவுக்காகத் தொண்டை கிழியக் கத்திய ஐரோப்பியத் தலைநகரங்கள் நதான்ஸ் விஷயத்தில் இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும் என்றன. நதான்ஸுக்காகப் பொங்கிய மாஸ்கோ சாப்போரிஷியாவில் உட்கார்ந்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் மறுஆய்வு மாநாடு முடிவறிக்கையே இல்லாமல் கலைந்ததற்கும் சாப்போரிஷியா பற்றிய வரிகளை ரஷ்யா ஏற்காததுதான் காரணம். 2025 செப்டம்பரில் இப்படிப்பட்ட தாக்குதலைத் தடை செய்யும் ஒரு வரைவை ஈரான் வியன்னாவுக்குக் கொண்டுவந்து, கடைசி நேரத்தில் வாபஸ் வாங்கியது.

இத்தனையிலும் உருப்படியாக நடந்தது ஒன்றே ஒன்று. 2022 செப்டம்பர் 1 அன்று குரோஸி போர் முனையைக் கடந்து சாப்போரிஷியாவுக்குப் போனார். அன்றிலிருந்து முகமையின் நிபுணர்கள் சுழற்சி முறையில் அங்கேயே தங்கியிருக்கிறார்கள். கண்டனத் தீர்மானம் தராத பாதுகாப்பை அந்தச் சில பேரின் இருப்பு தருகிறது. ஈரானில் இதற்கு நேர்மாறு. தாக்குதலுக்குப் பிறகு ஈரான் முகமையோடு ஒத்துழைப்பை நிறுத்தியது, ஆய்வாளர்கள் வெளியேறினார்கள். குண்டு போட்டதால் உலகத்துக்கு மிச்சமானது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத நிலை.

நமது ஒப்பந்தத்துக்கும் ஓட்டைகள் உண்டு. அது இரண்டு அரசுகளை மட்டுமே கட்டும். சீனாவோடு அப்படி ஒன்று இல்லை. அரசல்லாத குழுக்களை அது கட்டாது. இது ஏட்டுப் பயம் என்று நினைப்பவர்களுக்கு, 2008 அக்டோபர் 28 அன்று விடுதலைப் புலிகளின் சிறு விமானம் கொழும்பில் களனிதிஸ்ஸ மின் நிலையத்தின் மீது குண்டு வீசியதை நினைவூட்டுகிறேன். மன்னார் வளைகுடாவின் அந்தக் கரையில் நடந்தது அது. இன்று அதற்கு விமானம்கூட வேண்டாம், ட்ரோன் போதும். 2019 அக்டோபரில் கூடங்குளத்தின் நிர்வாகக் கணினி வலையில் தீங்குநிரல் புகுந்தது. முதல் நாள் மறுத்த அணுமின் கழகம் அடுத்த நாள் ஒப்புக்கொண்டது. அப்படி நுழைவது தாக்குதலா இல்லையா என்று 1988-ல் எழுதிய காகிதம் சொல்லாது. உலைக்கு வெளியே நிற்கும் மின்கோபுரங்களையும் அது பெயர் சொல்லிக் காக்கவில்லை. சாப்போரிஷியாவில் அடிபட்டவை அவைதான்.

திருப்பூருக்கு இதில் வரும் நஷ்டத்தை யாரும் தரமாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பெனியின் தீ விபத்துக் காப்பீட்டுப் பாலிசியை எடுத்துப் பாருங்கள். விலக்குகள் என்ற பகுதியில் போரும் இருக்கும், அணுக்கதிர்வீச்சும் இருக்கும். 2010-ன் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம் போர், பயங்கரவாதத்தால் நேரும் விபத்தில் நிலையத்தை நடத்துபவருக்குப் பொறுப்பில்லை என்றது. பொறுப்பு ஒன்றிய அரசுக்கு, அதுவும் ஒரு வரம்புக்குள். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம், அணுமின் உற்பத்தியைத் தனியாருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. நாளை தனியார் உலை வந்தால் அதன் மேல் பறக்கும் ட்ரோனைச் சுடுவது யார் செலவில் என்று இப்போதே கேட்டுவைப்பது நல்லது.

கூடங்குளத்துக்கும் திருப்பூருக்கும் நடுவே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கதிர்வீச்சு இங்கே வராமல் போகலாம். வதந்தி வந்துவிடும். 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகச் சில போலி வீடியோக்கள் சுற்றின. திருப்பூர் ரயில் நிலையத்தில் எவ்வளவு கலக்கம்! பீகாரிலிருந்து ஒரு குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பொய் வீடியோவுக்கே அந்த நிலை என்றால், நெல்லைக் கடற்கரையில் உண்மையாகவே ஒரு புகை எழுந்தால் ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் போகும் ரயிலில் இடம் இருக்காது. பையர் காத்திருக்க மாட்டார். ஆர்டர் டாக்காவுக்கோ ஹோ சி மின் நகருக்கோ போகும். போனது திரும்பாது என்பது இந்த ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தியா செய்யக்கூடியது பெரிய வீரதீரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் வியன்னாவில் முகமையின் பொது மாநாடு கூடுகிறது. அங்கே இந்தியாவே ஒரு வரைவைக் கொண்டுபோகலாம். யாரையும் பெயர் சொல்லித் திட்ட வேண்டாம். நாங்களும் பாகிஸ்தானும் முப்பது வருடத்துக்கு மேல் கடைப்பிடிப்பது இது, அக்கம்பக்க நாடுகள் ஒவ்வொரு ஜோடியும் இப்படி எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் போதும். பாகிஸ்தானும் சேர்ந்து முன்மொழிந்தால் அந்த அரங்கில் யாரால் எதிர்க்க முடியும்? கூடவே ட்ரோன், கணினி ஊடுருவல், வெளி மின்தடம் மூன்றையும் நம் சொந்த ஒப்பந்தத்தில் சேர்க்கப் பேச்சைத் தொடங்க வேண்டும். பெய்ஜிங்கிடமும் அதே காகிதத்தை நீட்ட வேண்டும். அடுத்த முறை எங்காவது ஓர் உலை தாக்கப்பட்டால், தாக்கியவர் மாஸ்கோவா வாஷிங்டனா என்று பார்க்காமல் ஒரே வாசகத்தில் கண்டிக்க வேண்டும்.

இதை டெல்லி தானாகச் செய்யாது. கூடங்குளமும் கல்பாக்கமும் இருப்பது தமிழ்நாட்டில். மாநிலத்தின் 39 மக்களவை உறுப்பினர்களும், வரி பற்றியும் நூல் விலை பற்றியும் அடிக்கடி டெல்லி போய் மனுக் கொடுக்கும் நம் தொழில் சங்கங்களும் அடுத்த மனுவில் இதையும் ஒரு பத்தியாகச் சேர்க்கட்டும். அடுத்த கூட்டத்தொடரில் நம் உறுப்பினர்களில் ஒருவராவது எழுந்து, 2024 ஜூலையில் ஏன் நடுநிலை வகித்தீர்கள் என்று வெளியுறவு அமைச்சரிடம் கேட்கட்டும்.